தோள் கவசம்: ஒரு ஒர்க்‌ஷாப் பாடம்



ஆண்டு விழா வந்தால் மாறுவேடப் போட்டியில் ஒரு ரோபோ நிச்சயம் இருக்கும். அட்டைப் பெட்டி, ஜிகினா பேப்பர், மார்பில் இரண்டு சீரியல் பல்பு, வேலை முடிந்தது! 2010 அக்டோபர் 1-ஆம் தேதி 'எந்திரன்' வெளிவந்த பிறகு இந்த ஆசை நம் பசங்களுக்கு இன்னும் கூடிவிட்டது. அந்த ரோபோ அசையாமல் நிற்கும்வரை பார்க்க நன்றாகவே இருக்கும். சபைக்கு வணக்கம் போடக் கையைத் தூக்கியதும்தான் வம்பு. தோளில் இருக்கும் டப்பா காதில் இடிக்கும், தலைக்கவசம் ஒரு பக்கம் சாயும், முன்வரிசை சிரிக்கும்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பார்கள். அதனால் முழு உடையையும் விட்டுவிட்டு, அதில் மிகவும் தொல்லை தரும் ஒரே ஒரு பாகத்தை மட்டும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். அதுதான் தோள் கவசம். நாம் முதலாண்டில் படித்த இன்ஜினியரிங் டிராயிங்கும், பேட்டர்ன் ஷாப்பில் செய்த பயிற்சியும் இதற்குப் போதும்.

1. சிற்பமா? உபயோகப் பொருளா?

இந்தக் கேள்வி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற வெள்ளைக் கவச வீரர்கள் வருவார்கள். ரால்ஃப் மெக்குவாரி என்ற ஓவியர் தீட்டிய படங்களை வைத்து 1976-இல் லண்டன் அருகே களிமண்ணில் மாதிரி செய்தார்கள். உடல் கவசத்தைச் செதுக்கியவர் பிரையன் மியூர் என்ற இளம் சிற்பி. ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பவர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்து உருவாக்கித் தந்தார். இதற்கு வாக்குவம் ஃபார்மிங் என்று பெயர்.

பல ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்வொர்த் அதே தலைக்கவசங்களைச் செய்து விற்கவே, படக் கம்பெனி வழக்குப் போட்டது. தலைக்கவசம் சிற்பம் என்று முடிவானால் அதற்கு நீண்ட காலக் காப்புரிமை உண்டு. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், அது சிற்பம் ஆகாது, படம் எடுக்கும் வேலையில் பயன்பட்ட ஓர் உபயோகப் பொருள் என்று தீர்ப்பளித்தது. அதே சமயம், அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்கான வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்றும் சொன்னது. ஆகவே ஒரு எச்சரிக்கை: மேடைக்குச் செய்து போடுங்கள், கடை விரிக்க வேண்டாம்!

சட்டத்தை வக்கீல்கள் பார்த்துக் கொள்ளட்டும். நமக்கு வேண்டிய பாடம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோள் கவசம் கண்ணுக்குச் சிற்பம், உடம்புக்கு இயந்திர உறுப்பு. இரண்டு கணக்கும் சரியாக வந்தால்தான் அது 'அச்சு அசல்'.

இதை நம் நாட்டார் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். வட தமிழ்நாட்டில் கட்டைக்கூத்து ஆடுகிறார்களே, அந்தப் பெயரே அவர்கள் அணியும் மர அணிகலன்களான 'கட்டை'யிலிருந்து வந்ததுதான். கிரீடம், மார்புப் பதக்கம், தோளில் புஜக்கட்டை என்று எல்லாமே எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. கர்ணனாகவோ துரியோதனனாகவோ வேடம் கட்டுகிறவர் இவற்றைச் சுமந்துகொண்டு இரவு முழுக்கச் சுழன்று ஆட வேண்டும். கனமான மரம் என்றால் விடியும் முன் தோள் போய்விடும். இறுக்கிக் கட்டினால் கை எழாது, தளர்த்திக் கட்டினால் சுழலும்போது பறக்கும். எடை, பிடிமானம், அசைவு ஆகிய மூன்றும் அவர்கள் கையில் அத்துபடி. நம் ரோபோவுக்கும் இதே மூன்றுதான் பரீட்சை.

2. தோள் எப்படி அசைகிறது?

தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. நம் பாஷையில் பால் அண்ட் சாக்கெட் ஜாயின்ட். ஆனால் மெஷின் டிராயிங்கில் வரைவது போல அந்தக் கிண்ணம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் வரை தூக்கினால் மொத்தம் 180 டிகிரி. இதில் ஏறக்குறைய 120 டிகிரி மட்டுமே மூட்டின் வேலை. மீதி 60 டிகிரிக்கு முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பே சுழன்று மேலே போகிறது. காறை எலும்பும் கூடவே எழும்புகிறது.

இதனால் என்ன? தோள் கவசத்தை மார்புக் கவசத்தோடு சேர்த்து ஒட்டினால், தோள் மேலே வரும்போது கவசத்துக்குப் போக இடமில்லை. அது காதை நோக்கித்தான் போகும். மேற்கையோடு மட்டும் கட்டினாலோ, கையைத் தூக்கும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரியும். எனவே கவசம் மிதக்க வேண்டும். மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி, நடுவில் சுதந்திரம்.

ஸ்டார்ம்ட்ரூப்பர் உடையில் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். மார்புத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் இணைக்க, தோளின் மேல் வரி வரியாய் ஒரு பட்டை போகும். தோள்மூடி தனித் துண்டு. எலாஸ்டிக்கால் அந்தப் பட்டையில் தொங்கும், இன்னொரு எலாஸ்டிக் கையைச் சுற்றிப் பிடிக்கும். பயிற்சிக்கு இந்தத் தோள்மூடியையே எடுத்துக்கொள்வோம். உருவம் எளிது. தேங்காய் மூடியைக் கொஞ்சம் நீளவாக்கில் இழுத்து, உடம்பை ஒட்டும் பக்கத்தை வெட்டி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. கீழ் விளிம்பில் மட்டும் ஒரு தடித்த கரை.

3. போட்டோவிலிருந்து அளவு எடுத்தல்

பலர் சறுக்குவது இங்கேதான். "படத்தைப் பார்த்தேன், செஞ்சேன்" என்றால் சரியாக வராது. முன், பக்கம், பின் என்று மூன்று பார்வைக்கும் நேராக எடுத்த படங்கள் வேண்டும். நம் ஃபிரண்ட் வியூ, சைடு வியூ போலத்தான்.

முதல் எச்சரிக்கை, கேமராவின் தூரம். ஆளிலிருந்து 2 மீட்டரில் கேமரா இருக்கிறது, அவர் தோள் உடம்பை விட 20 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். தோள் 2 ÷ 1.8 = 1.11 மடங்கு, அதாவது 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதே படத்தை 10 மீட்டரிலிருந்து எடுத்தால் 10 ÷ 9.8, வெறும் 2 சதவீதம்தான். ஆகவே கிட்டத்தில் எடுத்த வீர சாகசப் படங்களை ஒதுக்குங்கள். தூரத்திலிருந்து எடுத்த முழு உருவப் படங்களையே நம்புங்கள்.

அடுத்தது ஸ்கேல். ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். படத்தில் தலைக்கவசம் முதல் பூட்ஸ் வரை 150 மி.மீ. தோள்மூடியின் அகலம் 11.5 மி.மீ., உயரம் 14 மி.மீ. உடையைப் போடப்போகும் நம் நண்பர் பூட்ஸ், தலைக்கவசத்தோடு 170 செ.மீ., அதாவது 1700 மி.மீ.

ஸ்கேல் = 1700 ÷ 150 = 11.33

அகலம் = 11.5 × 11.33 = 130 மி.மீ.

உயரம் = 14 × 11.33 = 159 மி.மீ.

நடிகரின் உயரத்தைப் போடாமல் நம் நண்பரின் உயரத்தைப் போட்டதைக் கவனித்தீர்களா? ஆறடி ஆளுக்கான கவசத்தை ஐந்தேகால் அடி ஆளுக்கு மாட்டினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போல இருக்கும். விகிதம் பொருந்தினால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு அசல்.

இன்னொன்று: படத்தில் அரை மி.மீ. தப்பாக அளந்தால் தோளில் அது ஏறக்குறைய 6 மி.மீ. ஆகிவிடும். எனவே தோள் பகுதியைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து, குறைந்தது மூன்று படங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

4. அட்டையில் ஒத்திகை

களிமண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு அட்டை மாதிரி கட்டாயம். போடப்போகிறவரை நிறுத்தி வைத்து, மெல்லிய அட்டையில் தோள்மூடி போல ஒட்டி, நாடாவால் கட்டிப் பாருங்கள். ஒரு முக்கிய விஷயம்: நம் ஊரில் டிசம்பர், ஜனவரி மாலையில் விழா என்றால் உள்ளே ஸ்வெட்டர் இருக்கும். ஸ்வெட்டரோடுதான் அளவெடுக்க வேண்டும். அதற்கு மேல் சுற்றிலும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பிறகு ஐந்து சோதனைகள்:

அ) இரு கையையும் முன்னால் நீட்டு.
ஆ) பக்கவாட்டில் நீட்டு.
இ) தலைக்கு மேல் தூக்கு.
ஈ) கையைக் கட்டிக்கொண்டு நில்.
உ) ஒரு கிளாஸ் டீயை வாய் வரை கொண்டு போ.

ஐந்தாவது தமாஷ் இல்லை. மேடைக்குப் பின்னால் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கப் போகிறவர் அவர். இடிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வெட்டி விடுங்கள். அட்டையில் வெட்டுவது ஒரு நிமிஷம், முடிந்த கவசத்தில் வெட்டுவது ஒரு நாள்.

5. களிமண் மாதிரி

சோதனையில் தேறிய அட்டையைப் பிரித்து வைத்து, 2 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கு வெட்டு டெம்ப்ளேட்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். ஷீட் மெட்டல் கடையில் வளைவைச் சரிபார்க்க கேஜ் வைப்பார்களே, அது மாதிரி. வலது தோளுக்கு வெட்டிய அதே டெம்ப்ளேட்டைத் திருப்பிப் போட்டால் இடது தோள். கண் மதிப்பில் இரண்டும் ஒன்றாக வரும் என்று எண்ண வேண்டாம், வராது.

பழைய பனியனை நண்பருக்குப் போட்டு, அதன் மேல் பேக்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டுங்கள். கழுத்துப் பக்கம் இறுக்க வேண்டாம். முதுகுப் பக்கம் கவனமாக வெட்டிக் கழற்றி, உள்ளே பேப்பர் அடைத்தால் நண்பரின் தோள் உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஸ்வெட்டரும் இடைவெளியும் பிடிக்கும் கனத்துக்கு அதன் மேல் துணி சுற்றுங்கள். அதற்கு மேல்தான் களிமண்.

தோட்டத்து மண் இதற்கு ஆகாது. மண்பாண்டம் செய்யும் பசைமண் வேண்டும். நம் மலையிலேயே கோத்தர் இனப் பெண்கள் மண்பாண்டக் கலையில் பரம்பரையாகத் தேர்ந்தவர்கள். மண்ணைச் சலித்துப் பிசையும் பக்குவம் அறிந்தவரிடம் கேட்டுச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும், நாம் கணக்குப் போட்டு எடுத்த அளவு போச்சு. ஈரத் துணி மூடி வைத்து, ஈரம் இருக்கும்போதே அச்சு எடுத்துவிட வேண்டும்.

கீழ்க் கரையை மண்ணில் செய்ய வேண்டாம். அதைப் பின்னால் தனியாக ஒட்டலாம். இப்போதே சேர்த்தால் அச்சிலிருந்து கழற்றும்போது மாட்டிக்கொள்ளும். பேட்டர்னில் டிராஃப்ட் எதற்கு விடுகிறோம் என்று நினைவிருக்கிறதா? இங்கேயும் அதே காரணம்தான்.

6. அச்சும் ஓடும்

மண் மாதிரியின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுக்கிறோம். எடையில் 100 பங்கு பவுடருக்கு 60 முதல் 70 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். முதல் பூச்சு மெல்லியதாக, அடுத்த பூச்சில் தேங்காய் நார் சேர்த்து மொத்தம் 2 செ.மீ. கனம் வரை. பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடேறும். "கையை உள்ளே விட்டு அச்சு எடுப்போமா" என்ற விளையாட்டு வேண்டாம். தோல் வெந்துபோகும், கையை வெளியே எடுக்கவும் முடியாது.

எதற்கு வெளியச்சு? உள்ளே ஒரு உருவத்தை வைத்து அதன் மேல் பேப்பர் ஒட்டினால், ஒட்டிய கனம் அவ்வளவும் வெளியளவில் கூடிவிடும், கூர்மையான ஓரங்கள் மழுங்கும். வெளியச்சின் உட்புறத்தில் ஒட்டினால் வெளிமுகம் களிமண்ணில் செதுக்கிய அதே அளவில் வரும். கனம் உள்ளே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு வெளிமுகம்தானே தெரியும்!

இனி ஓடு. இதற்கு நம் மலையில் அருமையான சரக்கு ஒன்று இருக்கிறது. டீ பேக்டரியில் தூள் அடைத்து அனுப்பும் பழுப்பு நிறப் பேப்பர் சாக்கு! பல அடுக்கு கிராஃப்ட் பேப்பர். கிழிந்த சாக்கைக் கேட்டு வாங்கி, உள்ளே பளபளப்புத் தாளோ பிளாஸ்டிக் தாளோ இருந்தால் உரித்துவிட்டு, மீதியை 3 செ.மீ. துண்டுகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் படியாகத் தெரியும். அச்சில் வாசலின் மெல்லியதாகத் தடவி, மைதா பசையும் ஃபெவிகாலும் கலந்து ஒட்ட வேண்டும். பிளைவுட் போல ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக. நாளைக்கு இரண்டு அடுக்கு, மொத்தம் எட்டு. முழுதாகக் காயும்வரை அச்சிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் கோணிக்கொள்ளும். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

கரைக்கு, பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் கீற்றாக வெட்டிச் சுடுநீரில் போட்டு வளைக்கலாம். ஊட்டி 2240 மீட்டர் உயரம் என்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பி.வி.சி. 80 டிகிரி சுமாருக்கே இளகும், ஆகவே கவலையில்லை.

7. நம் குளிரும் பனியும்

சமவெளியில் எழுதிய செய்முறைகள் இங்கே அப்படியே பலிக்காது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் சரியாகப் படலம் கட்டாமல் தூளாகப் போகலாம். ஆகவே ஒட்டும் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் வைத்துக் கொள்ளுங்கள். மழை மாதங்களில் பேப்பர் ஓடு பூஞ்சை பிடிக்கும். ஒரு பெட்டிக்குள் பழைய 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பேப்பர் பல்பைத் தொடாமல் வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து உலர்த்தலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

சிலர் ஃபைபர் கிளாஸ் செய்ய ஆசைப்படுவார்கள். பாலியஸ்டர் ரெசின் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு கேட்டலிஸ்ட்டை அதிகமாக ஊற்றினால் பிறகு சூடேறி வெடிப்பு விடும். கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஒர்க்‌ஷாப் ஆசிரியர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மட்டுமே செய்ய வேண்டும். ஹாஸ்டல் ரூமில் செய்யவே கூடாது.

தெர்மாகோல், ஃபோம் வேண்டாமா என்றால், ஃபோம் நல்ல பொருள்தான். ஆனால் வெட்டிய துண்டுகள் காற்றில் பறந்து சோலைக்கும் ஓடைக்கும் போய்விடும். தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் வந்த பிளாஸ்டிக் தடைக்கு வெகு காலம் முன்பே தடை போட்டுக்கொண்ட மாவட்டம் நம்முடையது. அந்தப் பெயரை நாம் கெடுக்கலாமா?

8. மாட்டுதல்

உச்சி ஓரத்தின் நடுவில் 25 மி.மீ. நாடா ஒன்று. அதைக் கழுத்துப் பக்கத்துத் தோள்பட்டையில் பிரஸ் பட்டனால் மாட்டுங்கள். கீழே கையைச் சுற்றி 25 மி.மீ. எலாஸ்டிக், இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியில். மேல் பட்டை தோள்மூடியின் மேல் 2 செ.மீ. படிந்திருக்க வேண்டும். அப்போது கையைத் தூக்கினால் மூடி பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும், இடைவெளியும் தெரியாது. ஒரு தோளுக்கு 250 கிராமுக்குள் நிறுத்தப் பாருங்கள்.

பிறகு பட்டி பார்த்து, 120, 220 எமரி தேய்த்து, பிரைமர், இரண்டு கோட் வெள்ளை எனாமல். ரோபோ வேண்டுமென்றால் முதலில் கறுப்பு, அதன் மேல் சில்வர். கடைசியாக அந்த ஐந்து சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள், டீ உட்பட.

9. இது வெறும் வேடிக்கையா?

"டிப்ளமா படிக்கிற பசங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஒரு செய்தி சொல்கிறேன். 1968-இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் காலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதைச் செய்தவர் ராம் சந்திர சர்மா. அவர் இன்ஜினியர் இல்லை, கைவினைஞர். அங்கே கால் இழந்தவரின் எஞ்சிய காலுக்கு அச்சு எடுக்கிறார்கள், பிளாஸ்டரில் உருவம் வார்க்கிறார்கள், எச்.டி.பி.இ. பைப்பைச் சூடாக்கி அதன் மேல் இழுத்து ஓடு செய்கிறார்கள், பட்டை போட்டு மாட்டுகிறார்கள். உடம்பிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ஓடு, ஓட்டுக்குப் பட்டை என்று நாம் பார்த்த அதே வரிசை! அங்கே 5 மி.மீ. பிசகினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஒரு மனிதருக்குப் புண்ணாகும்.

உயிருள்ள உடம்புக்குப் பொருந்தும்படி ஒரு பொருளைச் செய்யத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரியிலும் வேலை உண்டு, ஷூ கம்பெனியிலும் வேலை உண்டு, ஹெல்மெட் தொழிற்சாலையிலும் வேலை உண்டு. ஒரு தோளை அளந்து, அசைத்துப் பார்த்து, வலிக்காமல் மூடக் கற்றுக்கொள்வது அதற்கு நல்ல தொடக்கம். அடுத்த ஆண்டு விழாவுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கிழிந்த டீ சாக்கு ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள், ஒரு நண்பனின் தோளைக் கடன் வாங்குங்கள், வேலையை ஆரம்பியுங்கள்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை